வரிசையில் நின்ற பச்சைக் குடம்

நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வரும் முன்னமே எம்.பி. வீட்டு வாசலில் சரவெடியை விரித்துப் போட்டுவிட்டார்கள். மத்தியானம் அவர் தோற்றுப்போனார் என்று தெரிந்ததும் சரவெடி ஆத்திரத்தில் கொதித்தது.

"நன்றி கெட்ட ஜனங்க! மூணு தடவை ஜெயிச்சவரையா தோற்கடிப்பீங்க?"

எதிரே தண்ணி லாரிக்காக இடம்பிடித்து நின்ற பச்சைக் குடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த மூணு தடவையும் நாங்க இதே வரிசையிலதான்டா காலியா நின்னோம்! ஒரு நாளாவது கார் கண்ணாடிய இறக்கிப் பார்த்தாரா?"

அதற்குள் ஜெயித்தவரின் ஆட்கள் ஓடிவந்தார்கள். "வழியில என்னடா குடம்?" என்று அதை எட்டி உதைத்துவிட்டு, அதே சரவெடியைக் கொளுத்தினார்கள்.

சாக்கடையோரம் உருண்டு கிடந்த பச்சைக் குடம், மற்ற குடங்களைப் பார்த்துக் கத்தியது:

"வரிசையை விட்டுடாதீங்கடி! அஞ்சு வருஷம் கழிச்சு இவங்களுக்கும் இருக்கு கச்சேரி!"