கடைசி நாள் சாட்சி

திருவனந்தபுரம் கோடை கன்வென்ஷன் நற்செய்திக் கூட்டத்துக்கு ஸ்டெல்லாபாய் ஒரு மாலைகூடத் தவறாமல் வந்தாள். பக்கத்து வீட்டு ஷெமி துணைக்கு வந்தாள்.

பிரசங்கியார் கிறிஸ்துதாஸ் தன் மனைவிக்குப் புற்றுநோய் வந்த கதையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாட்சி சொன்னார்.

"ஆண்டவரு சொகமாக்கினத நாளைக்குச் சொல்லுவாரு, பாருங்கக்கா," என்றாள் ஷெமி.

ஸ்டெல்லாபாயும் அதற்காகத்தான் காத்திருந்தாள். கடைசி நாள் நல்ல சேலையாக எடுத்து உடுத்தினாள்.

கிறிஸ்துதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கையைப் பிடித்தபடியே கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்."

பந்தலே விம்மி அழுதது.

"எக்கா, நீங்க மட்டும் கரையல்லியே?"

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல என்ன விட்டுட்டுப் போன ஆளு இவருதான், ஷெமி. நான் செத்துப்போன விவரம் எனக்கே இப்பதான் தெரியும்."