பத்துக்குப் பத்து வாங்கிய படம்

ராயபுரத்தில் கருவாட்டுக் கிடங்குக்கு மேல்மாடி. 1973 காலண்டருக்குப் பக்கத்திலிருக்கும் கரும்பலகையில் வெயில் பளீரென்று அடிக்கிறது. அதில் பிரின்சிபால் தேவப்பிரியம் நான்கு கலர் சாக்பீஸால் வரைந்த கம்ப்யூட்டர் இருக்கிறது. அவருடைய கம்ப்யூட்டர் கல்லூரியில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அதுதான். முன்பெஞ்சு ஐரீனுக்கு நாளைக்குத் துறைமுக ஆபீசில் புரோகிராமர் வேலைக்குத் தேர்வு. ஒன்றிலிருந்து நூறுவரை கூட்ட மெஷினுக்கு வழி சொல்லி, கட்டமும் அம்புமாக வரைந்து மார்க் வாங்கிய தாளை மறுபடியும் நீட்டுகிறாள். "இது தப்பு சார். அம்பு சுத்திச் சுத்தி மேலயே போவுது. நூறு வந்தாலும் மெஷினு நிறுத்தாம கூட்டிக்கினே கெடக்கும்." தேவப்பிரியம் ஸ்கேலை வைத்துப் பார்க்கிறார். "கோடு பூரா நேரா இருக்குல்லா? அதான் பத்துக்குப் பத்து." "அதான் சார் பேஜாரே!" பின்பெஞ்சிலிருந்து சவரிநாதன், "வுடு ஐரீனு, நிக்காம ஓடுனா நல்ல மெஷினு," என்கிறான். கீழே மூட்டை விழும் சத்தத்தில் ஜன்னல் அதிர்கிறது. ஐரீன் தாளை மடிக்கிறாள். "நாளைக்கு நெஜ மெஷினு முன்னாடி நிக்க வெச்சா, மொதல்ல இன்னா சார் செய்யணும்?" தேவப்பிரியம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், மாட்டுகிறார், தொண்டையைச் செருமுகிறார். "மொதல்ல செருப்பை வெளியே கழத்திரணும்." இருபது பேரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஐரீனும்தான், வேறு யாரைப் போய்க் கேட்பாள்?