ஒரு சிரிப்புக்கான இடம்

திரையில் இருந்த கிழவி நேராக இவளைப் பார்த்தாள்.

இவள் மைக் முன்னால் நின்றிருந்தாள்.

கறுப்பு வெள்ளைப் படம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் ஊர் ஊராகச் சுற்றி எடுத்தது. இப்போது ஒரு டிவிக்காகத் தமிழ் பேசப் போகிறது. அதைப் பேச வைப்பது இவள் வேலை.

காலையிலிருந்து பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

'இம்மலைவாசிகளுக்கு நாளையைப் பற்றிய கவலையே இல்லை. ஆடுவதும் பாடுவதுமே இவர்களது வாழ்க்கை.'

தேன் ஒழுகும் குரல் என்று பேர் வாங்கியவள். இதையும் தேன் ஒழுகத்தான் படித்தாள். வாங்குகிற சம்பளத்துக்குத் துரோகம் செய்ய முடியுமா?

கிழவிக்குப் பின்னால் குழல் ஊதினார்கள். ஆண்கள் வட்டமாக ஆடினார்கள். கையிலிருந்த காகிதத்தில் 'அறுவடைக் கொண்டாட்டம்' என்று இருந்தது.

அது சாவு ஆட்டம்.

இவள் அப்பா செத்தபோதும் இதே குழல்தான், இதே வட்டம்தான். அந்த மலைக்கு அடுத்த மலை இவளுடையது. ஸ்டூடியோவில் ஒருவருக்கும் தெரியாது. பேச்சில் மலை அடிக்கிறது என்று முதல் வாய்ப்பிலேயே திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தேய்த்துக் கழுவினாள். பெயரையும் சேர்த்துத்தான்.

கிழவி வாயைத் திறந்தாள்.

என் மகன் போய்விட்டான் என்றாள், மலைப் பேச்சில்.

சொல்லிவிட்டு நின்றாள்.

அவர்களிடம் அது வழக்கம். சாவைச் சொன்னவருக்குக் கேட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை. 'கேட்டேன், தாயே.' அவ்வளவுதான். அது வரும்வரை சொன்னவர் நகர மாட்டார்.

கேமராவுக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? கிழவி நின்றுகொண்டே இருந்தாள்.

ஒலிப்பதிவு செய்யும் சாலமன் படத்தை நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் ஹெட்போனில் வந்தது.

"மேடம், இந்தக் கிழவிக்கும் நீங்களே பேசிடுங்க. 'வாங்க, எங்களோட வந்து ஆடுங்க'ன்னு. கொஞ்சம் காட்டு ஆளுங்க மாதிரி இருக்கட்டும். அப்புறம் அவங்க சும்மா நிக்கிறாங்கல்ல, அங்க ஒரு சிரிப்பு போட்டுடலாம். காலியா இருக்கு."

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். அது சாவு வீடு, சாலமன்.

உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம் என்று அவர் கேட்பார்.

"சரி" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

காட்டு ஆள் மாதிரி என்றால் யார் மாதிரி? இவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு குரல். அம்மாவுடையது. அதை எடுத்தாள். கொஞ்சம் இழுத்தாள், கொஞ்சம் கோணலாக்கினாள்.

"வாங்க, எங்களோட வந்து ஆடுங்க."

பிறகு அந்த இடம் வந்தது. கிழவி பதிலுக்குக் காத்திருந்தாள்.

இவள் சிரித்தாள்.

நன்றாகவே சிரித்தாள்.

"அச்சு அசல் அவங்களேதான் மேடம். எங்க பிடிச்சீங்க இந்தக் குரலை?"

"நாடகத்துல" என்றாள். காது மடலெல்லாம் எரிந்தது. பெற்றவளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு யாரோ என்று சொன்ன மாதிரி இருந்தது. மாதிரி என்ன, அதைத்தான் செய்திருந்தாள்.

சாலமன் டீ குடிக்கப் போனார். விளக்கு அணைந்தது. திரையில் கிழவி அப்படியே நின்றிருந்தாள்.

இவள் ஹெட்போனைக் கழற்றினாள். கிழவியின் பக்கம் திரும்பி, மலைப் பேச்சிலேயே மெல்லச் சொன்னாள்.

கேட்டேன், தாயே.

சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

இந்த முறை அருமையாக வந்தது. யாரோ நன்றாக நடிப்பது போல.