சிரிக்கிற பொம்மை

பிள்ளைகளின் மனநிலையை ஆராய வந்த நர்ஸ், இஞ்ஞாசியைப் பள்ளிக்கூடத்துக்கே வரவழைத்துவிட்டார்.

"சிரிக்கிற பொம்மை, அழுவுற பொம்மை ரெண்டையும் வச்சு, உன் மனசு மாதிரி இருக்கிறத எடுன்னேன். உங்க பொண்ணு அழுவுறதத்தான் எடுத்தா. ஏன்னு கேட்டா வாயே தொறக்கல. வூட்ல அடிப்பீங்களா?"

பீங்கான் பொம்மை வார்த்துப் பிழைக்கும் இஞ்ஞாசி கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு நாளும் கை ஓங்குனதில்ல சிஸ்டர்." மகளிடம் குனிந்தார். "அப்பா மேல என்னம்மா கோவம், லிசா?"

லிசா காதோடு சொன்னாள். "கோவம்லாம் இல்லப்பா. சிரிக்கிற பொம்மைக்குக் கழுத்துல விரிசல். எடுத்தா தலை கையோட வந்துடும்."

போன உயிர் திரும்பியது இஞ்ஞாசிக்கு. "விரிசல் வுட்ட பொம்மைய வச்சிக்கிட்டு எம் பொண்ணு மனச சோதிக்கிறீங்களா சிஸ்டர்? இத எவன் வார்த்தான்?"

லிசா அவர் சட்டையை இழுத்தாள். "மெதுவா பேசுப்பா. பொம்மையோட அடி ஓரத்துல உன் முத்திரைதான் இருக்குது. அதான் அவங்ககிட்ட சொல்லல."