வாவியில் போன ஐந்து சொற்கள்

"முதல் வள்ளத்த விடு" என்று இராயப்பு கையைக் காட்டியதும், 'நெசசரி' என்ற இங்கிலீசுச் சொல் வாவியில் மெல்லப் புறப்பட்டது. யூரியாப் பைகளை வெட்டித் தைத்த பாயில், கறுப்புப் பெயின்றால் ஆளுயர எழுத்து. பின்னால் இன்னும் நாலு வள்ளம், நாலு சொல். ஒன்றிலும் வலை இல்லை.

எதிர்க்கரையில் பள்ளிக்கூடம். அதன் நீண்ட மண்டபத்தில், வாவியைப் பார்த்த இரண்டாவது யன்னலோரம், இராயப்புவின் ஒரே மகள் றொசானி சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரட்டைப் பின்னல் வள்ளத்திலிருந்தே தெரிந்தது.

றொசானிக்குத் தாதியாக வேண்டும். வேறு பேச்சே கிடையாது. வீட்டுப் பூனை நொண்டினாலும் பிடித்துக் கட்டுப் போட்டுவிடுவாள். ஆனால் இங்கிலீசு எழுத்துப் பிழை அவளை விடுவேனா என்றது. இந்தப் பாடம் போனால் தாதிப் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று டீச்சர் இராயப்புவைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார். அவள் எப்போதும் பிழைவிடும் ஐந்து சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியும் கொடுத்திருந்தார்.

பெற்ற மனம் கேட்குமா? ஞாயிறு பூசை முடிந்து, மாங்கேணியிலிருந்து பனிச்சங்கேணியில் மீன்பிடிகாரர் தங்கும் வாடிக்கு இறால் பிடிக்கப் புறப்பட்டபோது, அந்தப் பக்கத்தைக் கிழித்து மடியில் சொருகிக்கொண்டார். வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இங்கிலீசுச் சோதனை வியாழக்கிழமை என்பதை மட்டும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வாடியில் கரண்ட் இல்லை. ஐந்து வள்ளக்காரரின் போன்களும் திங்கட்கிழமையே உயிரை விட்டன. அதற்காக யாரும் கவலைப்படவில்லை. ஞாயிறு தொழில் இல்லை. அதன் பிறகு போடும் முதல் வலை திங்கள், இரண்டாம் வலை செவ்வாய். அப்பன் காலத்திலிருந்து அவர்கள் கிழமை எண்ணுவது இப்படித்தான்.

நடுவில் ஒரு நாள் பேய்க் காற்று. வள்ளம் இறக்கவோ வலை போடவோ முடியாது என்றதும், எல்லாரும் கூடிப் பாய் எழுதும் வேலையில் குதித்தார்கள். தூரிகை பிடித்தவர் இராயப்புவின் கூட்டாளி வினாயகமூர்த்தி. மனுசனுக்கு இங்கிலீசில் ஓரெழுத்தும் தெரியாது; கோயில் சுவரில் மயில் கீறிய கை என்பதுதான் தகுதி. 'நெசசரி'யில் ஒரே எழுத்து இரண்டு தரம் வருகிறது, பையிலும் இடமில்லை, ஒன்றை விட்டால் என்ன குறைந்துவிடும் என்று அவர் கேட்டாரே பார்க்கலாம், இராயப்புவுக்கு மூக்கு நுனியில் வந்துவிட்டது கோபம்.

"மூர்த்தி, என்ட புள்ளட வாழ்க்கையில கை வைக்காத."

இன்னொரு பையைச் சேர்த்துத் தைத்தார்கள்.

மூன்றாம் வலையும் போட்டு முடிந்த மறுநாள், அதாவது இராயப்புவின் கணக்கில் வியாழன், விடியவே வள்ளங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்து சேர்ந்தன. இதோ இப்போது ஊர்கோலம் நடக்கிறது.

கரையில் சனம் கூடிவிட்டது. எந்தக் கட்சி என்று ஒருவர் கேட்டார். வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் 'பியூட்டிஃபுல்' என்று வாய்விட்டு வாசித்து, உல்லாசப் பயணிகளுக்கான விளம்பரம் என்று முடிவு கட்டி, போனில் படமும் எடுத்துக்கொண்டார். நாலாவது வள்ளத்தின் பாய் தலைகீழாகக் கட்டியிருப்பது மூன்றாம் சுற்றில்தான் இராயப்புவின் கண்ணில் பட்டது. கிழித்த பக்கத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, மார்பளவு தண்ணீரில் அவரே இறங்கிப் போய் அதை நிமிர்த்தினார்.

அப்போது றொசானி யன்னலால் பார்த்தாள். அப்பாவையும் கண்டாள், பாய்களையும் கண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், சட்டென்று குனிந்து மளமளவென்று எழுதத் தொடங்கினாள். இராயப்பு தண்ணீருக்குள் நின்றபடியே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். இனிக் கவலையில்லை.

மணி அடித்தது. ஐந்து வள்ளமும் கரையில் வந்து நின்றன. முகமெல்லாம் சிரிப்பாக றொசானி ஓடிவந்தாள். ஒன்றும் அறியாதவர் போல இராயப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"எப்பிடி மகள் சோதின?"

"ரெண்டும் நல்லாச் செஞ்சிருக்கன் அப்பா."

இங்கிலீசுக்கு இரண்டு வினாத்தாள் என்று டீச்சர் சொன்னது இராயப்புவுக்கு ஞாபகம் வந்தது. வினாயகமூர்த்தி துடுப்பைத் தூக்கித் தலைக்கு மேலே ஆட்டினார். மற்றவர்கள் விசிலடித்தார்கள். இராயப்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம் தாங்காமல், ஐந்து சொல்லில் எத்தனை உதவியது, எந்த வள்ளத்துச் சொல் முதலில் கண்ணில் பட்டது என்று கேட்டே விட்டார்.

றொசானி அப்பா இடுப்பில் கட்டியிருந்த நனைந்த சறத்தைப் பார்த்தாள். ஐந்து பாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"இண்டைக்குக் கணக்கு அப்பா. இங்கிலீசு நேத்தே முடிஞ்சுது."