பச்சை பிடிக்காதவள்

மூன்று வாரம் பார்த்துப் பார்த்து அடித்த பச்சைப் பெயிண்டைச் சூசைமுத்து ஒரே காலையில் சுரண்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுமே, புருஷன் மனதில் எவளோ ஒருத்தி புகுந்துவிட்டாள் என்று நவமணி முடிவு கட்டிவிட்டாள்.

இல்லாவிட்டால் எந்த மனுஷனுக்கு இப்படிக் கை வரும்? ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய துரை வருஷக்கணக்கில் ஊர் ஊராய்ச் சுற்றிய மோட்டார் சைக்கிள் அது. இஞ்சின் இறுகிப்போய், இரும்புத் தகடு போட்ட ஜீப்பும் வந்த பிறகு, "சூசே, நீ வைச்சிக்கோ" என்று ரப்பர் ஸ்டோரில் இஞ்சின் பழுது பார்க்கும் பிட்டரான இவனிடம் தள்ளிவிட்டார்.

அதை லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்டு ஆறு மாதம் உயிர் கொடுத்தான். பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு இளக்கினான். வால்வைத் தேய்த்தான். கிழிந்த ஒற்றைச் சீட்டை எறிந்துவிட்டு இரண்டு பேர் உட்காரும் நீளச் சீட்டாகத் தைத்தான். "கோலசிலாங்கூர் கோயிலுக்கு உன்னைப் பின்னால வச்சு ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன் பாரு" என்றான். துரை வைத்திருந்த அதே பச்சையை அடித்தபோது வண்டி புதுசாகவே ஆகிவிட்டது.

சனிக்கிழமை வெள்ளோட்டம். ஆறு மைல் தள்ளி, அதே தோட்டத்தின் ஈஜோக் டிவிஷனில் இஞ்சின் பார்க்கப் போனவன், முகம் வெளிறித் திரும்பினான். "டயரு பஞ்சர்" என்றான். ஆனால் டயரைத் தொடவில்லை. பின் மட்கார்டில் ஏதோ ஒரு சின்ன ஓட்டையை ஈயம் உருக்கி அடைத்தான். மறுநாள்தான் இந்தச் சுரண்டல்.

"ஏங்க, பச்சைக்கு என்ன கேடு?"

"செவப்பு அடிச்சா போலீஸ்காரன் புடிப்பான். பச்சை அடிச்சா..." என்றவன் மீதியை விழுங்கிக்கொண்டான்.

அந்தோணியார் தேருக்கு அடித்து மிஞ்சிய பளீர் மஞ்சள் வண்டியில் ஏறியது. கைப்பிடியில் ஆட்டு மணி, விளக்குக்கு மேல் அந்தோணியார் படம், சுற்றிலும் கலர்க் காகிதம். சைலன்சரைக் கழற்றிச் சத்தத்தையும் மாற்றினான். காக்கி உடுப்பும் தொப்பியும் பெட்டிக்குள் போயின. வெள்ளை வேட்டியும் ரோஸ் துண்டுமாக வேலைக்குக் கிளம்பினான்.

பக்கத்து வீட்டு வேலம்மா எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "உன் வூட்டுக்காரரு மாப்பிள்ளை கணக்கா போறாரு லா. பாத்துக்க நவமணி!"

மறுநாள் காலை நவமணி முந்தானையைச் செருகிக்கொண்டு நீளச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்கு புள்ள. பின்னால யாரும் ஒக்காரக் கூடாது."

"எனக்குன்னுதானே தைச்சீங்க? யாரு அவ?"

"எவ?"

"பச்சை புடிக்காதவ!"

சூசைமுத்து இஞ்சினை நிறுத்தினான். அவள் விரலைப் பிடித்து மட்கார்டில் ஈயம் வைத்த இடத்தில் அழுத்தினான். "இந்தா, தொட்டுப் பாரு. பச்சை புடிக்காதவன் போட்ட ஓட்டை."

அவளுக்குப் புரியவில்லை.

"ரப்பர் காட்டுக்குள்ளேர்ந்து சுட்டான் புள்ள. கம்னிஸ்ட்டுக்கும் எனக்கும் என்ன பகை? பச்சை வண்டி, அதே சத்தம், காக்கிச் சட்டை, தொப்பி. அவனுங்க குறி வெள்ளைக்காரத் தொரை மேல. என்னைத் தொரைன்னு நெனைச்சிட்டான். ஒரு சாண் மேல வந்திருந்தா என் முதுகு."

"ஐயோ மாதாவே! அப்ப போகாதீங்க!"

"போகலேன்னா வேலை போயிடும், லயமும் போயிடும். அதான், வர்றது தொரை இல்ல, சூசைமுத்துன்னு அரை மைலுக்கு அந்தாண்டையே தெரியணும்."

நவமணி அவன் முதுகில் முகத்தை வைத்து அழுது தீர்த்தாள். எவளோ ஒருத்தி என்று சந்தேகப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. பிறகு உள்ளே ஓடிப்போய்த் தன் கல்யாண ரிப்பனை எடுத்து வந்து கைப்பிடியில் கட்டினாள். "ஒரு மைலுக்கே தெரியட்டும்!"

அதன்பின் தினமும் சாயங்காலம், ஊரடங்குக்கு முன்னால் அந்த ஆட்டு மணிச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். தோட்டத்துப் பிள்ளைகள் "தேரு வருது, தேரு வருது!" என்று பின்னால் ஓடும். கேட்டில், காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று சோதிக்கும் போலீஸ்காரர்களும் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். ஒரு மாதம் ஓடிற்று. ஒரு வெடிச் சத்தம் இல்லை.

"இனிமே என்ன பயம்? ஏறு" என்றான் சூசைமுத்து, ஞாயிற்றுக்கிழமை. நவமணி கோயில் சேலையில் ராணி மாதிரியே ஏறி உட்கார்ந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய துரையின் ஜீப் வழி மறித்தது. துரை இறங்கி, மஞ்சள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஈயம் வைத்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார்.

"ஒரு மாசம் இதே ரோட்டுல போறே. யாரும் சுடலே?" என்றார் தோட்டத்துத் தமிழில்.

"அந்தோணியார் புண்ணியங்க தொரே. இந்த மஞ்சளப் பாத்தா சுட மாட்டான்!" சூசைமுத்து பெட்ரோல் டாங்கியைப் பெருமையாகத் தட்டினான். பின்னாலிருந்த நவமணிக்கும் பூரிப்புத் தாங்கவில்லை.

துரை தலையாட்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். ஏறியவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"சூசே, நாளைக்கு என் ஜீப்புக்கும் இதே மஞ்சள் அடிச்சிடு."