மூன்று கிளாஸ் தண்ணீர்

சில்வெஸ்டர் தீர்த்தத் தொட்டிக்குள் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெபத்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கலாம் என்று கோயில் கதவைத் திறந்தால் இந்தக் கண்றாவி.



சாமியார் வந்து அந்தத் தண்ணீரை மந்திரித்து ஐந்து வாரமாகிறது. தோட்டத்து ஜனம் மொத்தமும் விரல் விட்டு நெற்றியில் சிலுவை போட்ட தண்ணீர். ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் போகாத விரல், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்ட விரல், எல்லாம் அதில்தான் முங்கும். அடியில் பாசி. மேலே கொசுப்புழு நெளியும். முந்தின நாள் ஓர் ஈசல் செத்து மிதந்தது. எடுத்துப்போட அருவருத்துக்கொண்டு நான்தான் விட்டுவிட்டேன்.

அதையும் சேர்த்துத்தான் குடித்திருப்பான்.

"டேய்!" என்று கத்தினேன்.

அவன் நிமிரவில்லை. தொட்டியின் அடியை நாக்கால் வழித்தான். மாடுகூடத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கும். கால்சட்டை நனைந்து மூத்திர வாடை பீடம் வரைக்கும் அடித்தது. நான்கு மாதமாக இதே கதைதான். குடிப்பான், போவான், வந்து மறுபடியும் குடிப்பான். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் யாரும் கால் வைக்க முடியவில்லை.

குருண் ரோட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை உடைந்ததிலிருந்துதான் இப்படி.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் அவன் மனைவி பேட்ரிசியாவிடம் டாக்டர் என்னவோ சொல்லி அனுப்பியிருந்தார். மூளைக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவு ஓர் இடம் இருக்கிறதாம். பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் அதன் உத்தரவுதானாம். அங்கே அடிபட்டதால் உடம்பில் தண்ணீர் தங்காதாம். கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். கூடவே, மூக்கில் விடச் சொல்லி ஒரு சின்ன பாட்டில்.

மூத்திரம் அடங்க மூக்கில் மருந்து! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்றால் இதுதான். லயமே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்.

எங்கள் தோட்டத்தில் சாமியார் வராத வாரங்களில் ஜெபம் சொல்பவனும் நான்தான், எல்லா வாரமும் மருந்து சொல்பவனும் நான்தான். அடங்காத தாகம், அடிக்கடி மூத்திரம் என்றால் இனிப்பு நீர். இதற்கு எதற்கு ஆஸ்பத்திரி? அந்த மூக்கு மருந்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய்ச் சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று மூன்று வேளைக்கும் வகுத்துக் கொடுத்தேன். டாக்டர் மூளை என்கிறாரே, அதையும் விடுவானேன் என்று காலையில் ஒரு பிடி வல்லாரையும் மெல்லச் சொன்னேன். கசப்பில் அவன் முகம் கோணும்போதெல்லாம், மருந்து வேலை செய்கிறது என்று பேட்ரிசியாவிடம் சொல்வேன்.

பத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் தண்ணீர். உள்ளே போவது குறைந்தால் வெளியே போவதும் குறையும். பன்னிரண்டு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவைத்தேன். நான் சொன்னால் சொன்னதுதான். யாரும் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. பைப்படியில் பேட்ரிசியாவே காவல் இருந்தாள்.

இன்று நான்காவது நாள்.

சில்வெஸ்டர் மெல்லத் திரும்பினான். கண் குழிக்குள் போயிருந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. தாடையில் ஈசலின் சிறகு ஒன்று ஒட்டியிருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மோரிஸ் அண்ணே, இன்னும் ஒரு வாய் குடுங்கண்ணே. சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு பேட்ரிசியா ஓடி வந்தாள். புருஷனைப் பார்த்தாள், காலித் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் என் சட்டையைத் துடைக்க வந்தாள்.

"மன்னிச்சிக்குங்கண்ணே. எறும்பு மொய்ச்சிருச்சி, இனிப்பு நீருதான்னு நீங்க அவ்ளோ தெளிவா சொல்லியும் இந்த ஆளு கேக்கமாட்டேங்கிறாருலா. இனிமே ரெண்டு கிளாஸா கொறச்சிரட்டுமா?"

தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சோதனை அது. மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் இனிப்பு நீர், மொய்க்காவிட்டால் வேறு ஏதோ. ஆஸ்பத்திரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கியபோது, நான்தான் சவடாலாக அதைச் செய்துகாட்டினேன். லயத்தின் கோடியில் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்தேன். பத்துப் பேர் எட்ட நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே வந்து குனிந்து பார்க்க ஒருவருக்கும் மனமில்லை. கடைசியில் நான் எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னதைத்தான் எல்லாரும் நம்பினார்கள்.

பேட்ரிசியா பதிலுக்காக நின்றாள். உள்ளே அவள் புருஷன் தரையில் சாய்ந்துவிட்டான். ஜெபத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். என் மேலேயே எனக்கு நாறியது.

"எறும்பு வரலம்மா," என்றேன். "அன்னைக்கு ஒண்ணுகூட வரல."